நான் பாதியில் நிறுத்திய மாத்திரைகள்

முதலில் வந்தது காய்ச்சல் அல்ல. சாம்பாரின் மணம் பிடிக்காமல் போனதுதான் முதல் அறிகுறி.

மலேசியாவில், கிள்ளானில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கேட்டரிங் நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, கருமக்கிரியை, அலுவலக மதியச் சாப்பாடு என்று எதையும் விட்டதில்லை. அப்படிப்பட்டவளுக்குக் கொதிக்கிற சாம்பார் அண்டாவின் பக்கத்தில் நின்றபோது குமட்டியது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில் எது வந்தாலும் இந்த ஒரு காரணத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

மறுநாள் மாலை உடம்பு சுட்டது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். தலை கனத்தது, நாக்கில் மாவு பூசியதுபோல் இருந்தது, வயிறு உப்பிக்கொண்டது. ஆனாலும் அந்த இரண்டு நாளும் நான் சமைத்தேன். ஷா ஆலாமில் ஒரு வளைகாப்புக்கு இருநூறு பேர் சாப்பாட்டை ஒப்புக்கொண்டிருந்தேன். நானே தாளித்தேன், நானே தயிர்ப் பச்சடியைக் கையால் கலந்தேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் காய்ச்சலைவிட அதிகமாக என்னைச் சுட்டது அந்தப் பச்சடிதான்.

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்கும், அவர்கள் கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் என்னை டாக்டரம்மா என்றுதான் கேலி செய்வார்கள். அந்தப் பெயர் வந்த விதத்தில்தான் என் நோயின் கதையும் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் மேல் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. எங்களுக்கு ஊர் என்றால் தமிழ்நாடு. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை போய்வருவோம். சேலை, கொலுசு, இட்லித் தட்டு என்று வாங்கிவரும் பட்டியலில் மருந்தும் இருக்கும். நான் போன கடைகளில் பெயரைச் சொன்னால் அட்டை அட்டையாகக் கொடுத்துவிடுவார்கள். சேலைகளுக்கு நடுவே ஆண்டிபயாட்டிக் (கிருமிக்கொல்லி மருந்து) அட்டைகளை மடித்து வைத்துக்கொண்டு விமானம் ஏறுவேன். இங்கே பல வீடுகளில் இப்படி ஒரு டின் இருப்பது எனக்குத் தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை.

கிள்ளான் கிளினிக்கில் கொடுக்கிற மருந்தும் அதில் சேரும். ஏழு நாளைக்குக் கொடுத்தால் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவேன். நன்றாகிவிட்ட பிறகு எதற்கு வீணாக விழுங்க வேண்டும்? மிச்சத்தை அட்டையோடு தாளில் சுற்றி, மேலே தமிழில் எழுதி, டின்னில் போடுவேன். சோற்றை வீணாக்காத கை மருந்தை மட்டும் வீணாக்குமா?

தங்கை பிள்ளைக்கு இருமல், என் சமையற்கட்டில் வேலை செய்யும் புஷ்பாவுக்குப் பல்வலி என்றால் உடனே டின் இறங்கும். அவர்களுக்கும் சரியாகிவிடும். பல தடவை அது தானாகவே சரியாகியிருக்கும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. “வசந்திக்கா கைராசிலா” என்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

ஆகவே எனக்குக் காய்ச்சல் வந்தபோதும் டின் இறங்கியது. ‘காய்ச்சல்’ என்று எழுதிய பொட்டலத்தில் ஆறு மாத்திரைகள் இருந்தன. மூன்று நாளில் ஆறும் தீர்ந்தன, காய்ச்சல் தீரவில்லை. வேறொரு பொட்டலத்தைப் பிரித்தேன். அதில் இரண்டுதான் இருந்தன. அவற்றையும் விழுங்கி, வெற்று அட்டைகளைத் தாளோடு டின்னிலேயே போட்டேன்.

ஐந்தாம் நாள் என் கணவர் என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். இந்தப் பக்கம் காய்ச்சல் என்றாலே முதலில் டிங்கி (டெங்கு)தான் நினைவுக்கு வரும். ரத்தம் எடுத்தார்கள், டிங்கி இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்தார்கள், அப்போதும் இல்லை. கடைசியில் அந்த டாக்டர், அண்மையில் எங்காவது பயணம் போனீர்களா என்று கேட்டார். அண்ணன் மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவர் உடனே கடிதம் எழுதிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்.

டைப்பாய்டு (நோயாளியின் மலத்திலுள்ள கிருமி தண்ணீரிலோ உணவிலோ கலந்து, வாய்வழியாகக் குடலுக்குப் போய், ரத்தத்தில் பரவும் காய்ச்சல்) என்று சந்தேகித்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஊர்த் தண்ணீரைத் திட்டினார்கள். எனக்கு அது எங்கே தொற்றியது என்று தெரியாது. தெரிந்ததுபோல் பேசவும் விருப்பமில்லை. ஒன்று மட்டும் தெரியும். எங்கள் தொழிலில் டைப்பாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். என் ஆட்கள் அத்தனை பேரின் அட்டைகளையும் ஃபைலில் வரிசையாக வைத்திருந்தேன். என் அட்டை காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலாளியிடம் யார் அட்டை கேட்பார்கள்?

வார்டில் என்னைப் பார்த்தவர் டாக்டர் ஷர்மினி. என் மகள் வயது இருக்கும். கல்ச்சர் (ரத்தத்தை ஆய்வகத்தில் வைத்து அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்ய ரத்தம் எடுத்துவிட்டு, நரம்பு வழியாக ஒரு மருந்தை ஆரம்பித்தார். அன்றைக்கே அந்தக் கேள்வியையும் கேட்டார்.

“ஆன்டி, இங்க வர்றதுக்கு முன்னாடி ஏதாச்சும் ஆண்டிபயாட்டிக் சாப்ட்டீங்களா?”

“இல்ல டாக்டர். காய்ச்சல் மாத்திரை மட்டுந்தான்.”

பக்கத்தில் நின்ற என் கணவர் தலைக்கு மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார். முப்பது ஆண்டு மண வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் என்னை மறுத்துப் பேசியதே இல்லை அவர்.

ஏன் பொய் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பயம் இல்லை. கௌரவம்தான். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவள், ஒரு சின்னப் பெண் முன்னால் திருட்டுத்தனமாக மாத்திரை விழுங்கியவளாக நிற்க மனம் வரவில்லை. அந்த ஒரு வார்த்தை எனக்கு ஆறு நாள்களைத் தின்றுவிட்டது.

ஆறு நாளும் காய்ச்சல் நாற்பது பாகையைத் தொட்டுத் தொட்டு வந்தது. வயிற்றின் வலப்பக்கம் கை வைத்தால் உயிர் போனது. ஸ்கேன் எடுத்தார்கள். இந்தக் கிருமி குடலை அரித்து ஓட்டை போட்டுவிடக்கூடும், அப்படியானால் உடனே அறுவைச் சிகிச்சை என்று சொல்லி வைத்தார்கள். கல்ச்சரில் ஒன்றுமே வளரவில்லை. எந்தக் கிருமி என்று தெரியாமல், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்றும் தெரியாமல், கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

“மருந்து சாப்பிட்டிருந்தா கிருமி ரத்தத்துல அமுங்கிப் போயிடும் ஆன்டி, கல்ச்சர்ல வளராது. ஷூரா ஒண்ணும் சாப்பிடலையா?”

“இல்லம்மா.”

எனக்கு உண்மையிலேயே சாவு பயம் வந்தது அன்றைக்குத்தான். ஆனாலும் வாய் ‘இல்லை’ என்றுதான் சொன்னது. மனிதருக்கு உயிரைவிட மானம் பெரிது என்று மேடையில் பேசுவார்கள். அது எவ்வளவு முட்டாள்தனமானது என்று அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தால் தெரியும்.

மறுநாள் மதியம் பார்வையாளர் நேரத்தில் என் கணவர் குணசேகரன் ஒரு துணிப்பையோடு வந்தார். கஞ்சி கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். டாக்டர் ஷர்மினி என் கட்டிலுக்கு வரும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தார். டாக்டர் வந்ததும், உள்ளிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது என்ன அங்கிள்?”

“எங்க வீட்டு கிளினிக்கு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நான் ஒண்ணும் சொல்லல வசந்தி. நீயே சொல்லிடு” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

டாக்டர் மூடியைத் திறந்தார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வைமேல் பரப்பினார். பிறகுதான் எனக்கு உண்மையான தண்டனை வந்தது.

“ஆன்டி, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மேல என்ன எழுதியிருக்கீங்க? வாசிங்க.”

என் கையெழுத்தை நானே உரக்க வாசித்தேன். காய்ச்சல். தொண்டை. வயிறு. பல். பக்கத்துக் கட்டில் அக்காவும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பொட்டலத்தை வாசிக்கக் குரல் இறங்கிவிட்டது.

“இது?”

“எதுக்கும்.”

“எதுக்கும்னா?”

“எதுக்கும்னா… எதுக்கும்தான் டாக்டர்.”

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. எத்தனை, எந்த நாள், எந்த நேரம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ‘காய்ச்சல்’ பொட்டலத்தில் இருந்தது ஆறு. ‘எதுக்கும்’ பொட்டலத்தில் இருந்தது இரண்டு. அவர் எழுதிக்கொண்டார். அன்று மாலையே மறுபடி ரத்தம் எடுத்தார்கள், நரம்பில் போகும் மருந்தையும் மாற்றினார்கள். டின்னை மருந்தகத்தார் வாங்கிக்கொண்டு போனார்கள், முறைப்படி அழிப்பதற்கு.

இந்த முறை கிருமி வளர்ந்தது. டைப்பாய்டேதான். இரண்டு நாளில் இன்னொரு தாளும் வந்தது. அதில் எட்டு மருந்துகளின் பெயர்கள் இருந்தன. ஆறுக்கு எதிரே ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து. அந்த மருந்தைக் கிருமி எதிர்த்து நிற்கிறது, கொடுத்துப் பயனில்லை என்று பொருள். நான் விழுங்கிய ஆறு மாத்திரையும் அதில் ஒன்று. ஆறு நாள்களாக எனக்கு நரம்பில் ஏறிக்கொண்டிருந்த மருந்தும் அதில் ஒன்று.

மருந்தெதிர்ப்பு (கிருமி பல தலைமுறைகளாக மருந்தைச் சந்தித்து, அதற்குச் சாகாமல் இருக்கப் பழகிவிடுவது) என்ற சொல்லை அன்றுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அதுவரை என் உடம்புதான் மருந்துக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பழகுவது உடம்பு இல்லை, கிருமி. அரைகுறையாக மருந்து சாப்பிட்டால் பலவீனமான கிருமிகள் சாகும், பலமானவை தங்கிப் பெருகும். அவை நம் உடம்போடு நிற்பதுமில்லை.

“மிச்சம் ரெண்டு மருந்துதான் ஆன்டி. ஒண்ணு இப்ப உங்களுக்கு ஏறுற மெரோபெனெம்” என்றார் டாக்டர் ஷர்மினி. “இன்னொண்ணு மாத்திரை. அது எது தெரியுமா? உங்க ‘எதுக்கும்’ பொட்டலம்.”

என் கிருமிக்கு இன்னும் அடங்குகிற இரண்டே மருந்துகளில் ஒன்றைத்தான் நான் பல்வலிக்கும் சளிக்கும் இரண்டு இரண்டாக வாரி வழங்கியிருக்கிறேன். நானும் இரண்டு விழுங்கியிருக்கிறேன், முதல் கல்ச்சரில் கிருமி ஒளிந்துகொள்ள மட்டும் போதுமான அளவு. அதன் வேகம் தீர்ந்த பிறகுதான் இரண்டாவதில் வளர்ந்திருக்கிறது.

மெரோபெனெம் (மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு எடுக்கும் வலுவான மருந்து) எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. என் கணவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர், முப்பத்தைந்து வருடம் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் ஒரு நோட்டு வந்துவிட்டது. ‘14:00, வந்தது 14:07’ என்று எழுதிவைப்பார்.

“மிஸ்ஸி, ரெண்டு மணி டிரிப் ஏழு நிமிஷம் லேட்டு” என்று தாதியிடம் சொல்வார்.

“அங்கிள், இது கேடிஎம் ரயில் இல்லலா” என்பார் அந்தத் தாதி.

அந்த நாள்களில் நேரம் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. கிழமை தெரியவில்லை. ஒரு பாட்டிலுக்கும் அடுத்த பாட்டிலுக்கும் இடையில் இருந்தது மட்டும்தான் தெரிந்தது. புது மருந்து ஏறி நான்காம் நாளும் காய்ச்சல் இருந்தது. இப்படித்தான் மெதுவாக இறங்கும், பயப்படாதீர்கள் என்று சொன்னார்கள். நீங்கள் இதைப் படுத்துக்கொண்டே படிக்கிறீர்கள் என்றால் இந்த ஒன்றை மனதில் வையுங்கள். சரியான மருந்துக்கும் சில நாள் பிடிக்கும். ஐந்தாம் நாள் காலை போர்வையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. தாதி அளந்து பார்த்து முப்பத்தேழு என்றார். நான் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். தண்ணீர் இனித்தது.

ஆனால் உயிர் பிழைத்ததும் அந்தப் பச்சடி நினைவு வந்துவிட்டது. இருநூறு பேர். சுகாதார அலுவலகத்தார் ஏற்கெனவே என் சமையற்கட்டுக்குப் போய் எல்லோரையும் சோதிக்கத் தொடங்கியிருந்தார்கள். வளைகாப்பு வீட்டுக்கு அவர்கள் கூப்பிடுவதற்கு முன்னால் நானே கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. படுக்கையிலிருந்தே அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்தேன். எனக்கு என்ன நோய் என்று மறைக்காமல் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன்.

“இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்கக்கா” என்றார் அந்த அம்மா. “நீங்க சொன்னது நல்லது. நான் எல்லார்கிட்டயும் கேட்டுச் சொல்றேன்.”

கோபமும் இருந்திருக்கும். இருக்கத்தானே செய்யும். மூன்று வாரம் ஒவ்வொரு நாளும் அவர் செய்தி அனுப்பினார். யாருக்கும் ஒன்றும் வரவில்லை. கர்ப்பிணிப் பெண்ணுக்கும் ஒன்றுமில்லை. புஷ்பாவுக்கும் மற்ற ஆட்களுக்கும் சோதனையில் கிருமி இல்லை. அதை என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன், சாமர்த்தியம் என்று சொல்லமாட்டேன்.

இரண்டு வாரம் மருந்து ஏறி, பதினொரு கிலோ குறைந்து வீட்டுக்கு வந்தேன். வந்த மறுநாள் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். டைப்பாய்டு குணமான பிறகும் சிலருக்குப் பித்தப்பையில் கிருமி தங்கிவிடுமாம். அவர்களுக்குக் காய்ச்சல் இருக்காது, ஆனால் அவர்கள் கை பட்ட உணவில் நோய் போகும். இடைவெளி விட்டு மூன்று முறை மலப் பரிசோதனை செய்து, மூன்றிலும் கிருமி இல்லை என்று வந்தால்தான் நான் மறுபடி சமைக்கலாம். “அதுவரைக்கும் சாப்பாட்டையும் பாத்திரத்தையும் தொடக்கூடாது, காக்” என்று மலாயில் அன்பாகத்தான் சொன்னார். காக் என்றால் அக்கா.

எனக்கு அது மருத்துவமனையைவிடக் கடினமாக இருந்தது. என் உடம்பு எனக்கு நல்லதாகிவிட்டது, பிறருக்கு நல்லதா என்று தெரியவில்லை. என் கையே எனக்கு அந்நியமாகத் தெரிந்தது. ஒரு தடவையாவது கிருமி இருக்கிறது என்று வந்துவிட்டால் இருபத்தாறு வருடத் தொழில் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்துப் படுத்திருந்தேன்.

என் கணவர் சமையற்கட்டு வாசலில் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டார், ரயில் நிலையத்தில் இருக்குமே அதுபோல. கோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு நாற்காலி.

“இந்தக் கோட்டைத் தாண்டாத. வண்டி அடிச்சிடும்.”

அங்கே உட்கார்ந்தபடி வாயால் சமைத்தேன். புஷ்பாவுக்கு என் வழி பாதி தெரியும். மீதியைச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உப்பு எவ்வளவு என்று கேட்டால் கையைக் குவித்துக் காட்டுவேன். என் கணவர் தராசோடு வந்து, “அது எத்தன கிராம்?” என்பார். எனக்கு எப்படித் தெரியும்? அப்படியே போட்டுப் பார்த்து எடை போட்டு எழுதினார்கள். முதல் வாரம் ரசத்தில் ஒரு புகார் வந்தது. இரண்டாம் வாரம் புகார் இல்லை. மூன்றாம் வாரம் ஒரு வாடிக்கையாளர், “வசந்தி, ஒடம்பு தேறிட்டீங்க போல, கை மணம் வந்துடுச்சி” என்று போனில் பாராட்டினார். புஷ்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதல் சோதனையில் கிருமி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதற்குக் காத்திருந்த நாள்களில் ஒன்றைக் கவனித்தேன். நான் முன்புபோல் கடிகாரத்தோடு சண்டை போடவில்லை. காய்கறி வாங்கப் பாசாருக்கு (சந்தைக்கு) நேரமாகிவிட்டது, லோரி வரவில்லை என்று கத்தவில்லை. காரணம் பொறுமை இல்லை, கத்துவதற்கு உடம்பில் தெம்பு இல்லை. ஆனால் கத்தாமலும் லோரி வந்தது.

மூன்றாவது முடிவு ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. நாற்காலியில்தான் இருந்தேன். “நெகட்டிவ், காக். இனி நீங்க சமைக்கலாம்” என்றார் அதிகாரி. போனை வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்தேன். என் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டார்கள். புஷ்பா கரண்டியை நீட்டினாள்.

“வாங்கக்கா. எடுத்துக்குங்க.”

எழுந்தேன், கோட்டைத் தாண்டினேன், தொட்டியில் சோப்புப் போட்டு இரண்டு கையையும் முழங்கை வரை கழுவினேன். அந்தக் கை என்னுடையதுதான் என்று மறுபடி பட்டது. மணி பன்னிரண்டரை. அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது.

எனக்குப் பசித்தது.

இருபத்தாறு ஆண்டுகளில் எனக்கு எந்த நேரத்தில் பசிக்கும் என்பதே தெரியாது. ஊருக்கெல்லாம் சாப்பாடு போய்ச் சேர்ந்து, அண்டா கழுவி, நாலு மணிக்கு நின்றபடி ஆறின சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்வேன். அதற்குள் பசி வந்து, காத்திருந்து, போயிருக்கும். காய்ச்சல் வந்தபிறகு அதுவும் இல்லை, இரண்டு மாதம் மருந்துபோல்தான் கஞ்சி குடித்தேன். இப்போது நடுப்பகலில், எல்லோருக்கும் பசிக்கிற நேரத்தில், என் வயிறும் கேட்டது.

“கரண்டிய நீயே வச்சிரு புஷ்பா” என்றேன். “நாளைக்கு வாங்கிக்கிறேன். இப்ப எனக்கு ஒரு இலை போடு.”

என் கணவர் சோறு வைத்தார். எத்தனை கிராம் என்று கேட்டேன், அவர் இன்னும் ஒரு கரண்டி வைத்தார். ஆவி பறந்தது. உட்கார்ந்து, அவசரமில்லாமல், கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன்.